மல்ட்டிபிளெக்சிங்: ஒரே தடத்தில் பல சிக்னல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செம்புக் கம்பி, ஓர் ஒளியிழை, அல்லது காற்றில் ஓர் அலைப்பட்டை. எதுவானாலும் அதில் பல பேரின் பேச்சும் படமும் கோப்பும் ஒரே சமயத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. இது எப்படி நடக்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். சேர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மறுமுனையில் பிரித்தெடுப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. கீழே உள்ள பதில்களை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

ஒரே கம்பியில் பல சிக்னல்களை அனுப்பினால் அவை கலந்துவிடாதா?

கலந்துவிடும். கம்பியில் ஓர் இடத்தில் ஒரு கணத்தில் ஒரே ஒரு மின்னழுத்தம்தான் இருக்க முடியும். பத்து சிக்னல்களை ஏற்றினால் அந்தப் பத்தின் கூட்டுத்தொகைதான் அங்கே இருக்கும். 7 என்ற விடையை மட்டும் வைத்துக்கொண்டு அது 3-உம் 4-உம் சேர்ந்ததா, 5-உம் 2-உம் சேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு சிக்னலுக்கும் ஓர் அடையாளம் கொடுத்துவிட்டால் பிரிக்க முடியும். அந்த அடையாளம் அதிர்வெண்ணாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், ஒரு குறியீடாக இருக்கலாம், ஒளியின் அலைநீளமாக இருக்கலாம், அலை அதிரும் தளமாகவோ வந்து சேரும் திசையாகவோ கூட இருக்கலாம். மல்ட்டிபிளெக்சிங்கின் எல்லா வகைகளும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. தடம் சிக்னல்களை வெறுமனே கூட்ட வேண்டும், ஒன்றை மற்றொன்றால் பெருக்கிவிடக் கூடாது. அளவுக்கு மீறி இயக்கப்படும் ஆம்ப்ளிஃபையர் பெருக்கத்தான் செய்யும். 100 கிலோஹெர்ட்ஸும் 110 கிலோஹெர்ட்ஸும் அதற்குள் போனால், யாரும் அனுப்பாத 90-உம் 120-உம் வெளியே வரும். அந்த இடங்களில் வேறு சிக்னல்கள் இருந்தால் அவை பாழ். அதனால்தான் பல சேனல் ஆம்ப்ளிஃபையர்களை அவற்றின் முழுத் திறனுக்கும் கீழேயே ஓட்டுகிறார்கள்.

இதை முதலில் யார் செய்தார்கள்?

தந்திக்காரர்கள். கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதுதான் பெரிய செலவு, அதனால் இருக்கிற கம்பியிலேயே இன்னொரு செய்தியை நுழைக்க எல்லோரும் முயன்றார்கள். 1872-ல் ஜோசப் ஸ்டெர்ன்ஸ் ஒரே கம்பியில் இரு திசையிலும் ஒரே சமயத்தில் தந்தி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1874-ல் எடிசன் அதை நான்காக்கினார். அதே ஆண்டில் பிரான்சில் எமில் போதோ, சுழலும் தூரிகை ஒன்றைக் கொண்டு பல தந்தியாளர்களுக்கு ஒரே கம்பியை மாறி மாறிக் கொடுக்கும் கருவிக்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைய நேரப் பகிர்வின் மூதாதை அதுதான்.

தொலைபேசியே இந்தத் தேடலின் துணைவிளைவு என்று சொல்லலாம். கிரகாம் பெல் முதலில் முயன்றது, வெவ்வேறு சுருதியில் அதிரும் தகடுகளைக் கொண்டு ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்புவதற்கு. 1876-ல் அவர் பெற்ற புகழ்பெற்ற காப்புரிமையின் தலைப்பில்கூடத் தொலைபேசி என்ற சொல் கிடையாது, தந்தியில் முன்னேற்றம் என்றுதான் இருக்கிறது.

அதிர்வெண் வழியாகப் பிரிப்பது எப்படி?

தொலைபேசியில் பேச்சு புரிவதற்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும். இரண்டு பேரின் பேச்சும் இதே எல்லைக்குள் இருப்பதால் அப்படியே கம்பியில் விட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். எனவே ஒவ்வொரு பேச்சையும் ஓர் உயர் அதிர்வெண்ணோடு பெருக்கி மேலே தூக்கி வைக்கிறோம். முதல் பேச்சு 60 முதல் 64 கிலோஹெர்ட்ஸ் வரை, அடுத்தது 64 முதல் 68 வரை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பழைய நெடுந்தொலைவுத் தொலைபேசியில் இப்படி 12 பேச்சுகள் 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு குழுவாக அமர்ந்தன. ஐந்து குழுக்களை மறுபடி மேலே தூக்கி அடுக்கினால் 60 பேச்சுகள் கொண்ட பெருங்குழு. மறுமுனையில் வடிகட்டி, மறுபடி பெருக்கிக் கீழே இறக்கினால் பேச்சு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பேச்சுக்குத் தேவை 3100 ஹெர்ட்ஸ், ஒதுக்கியதோ 4000. மீதி எதற்கு? வடிகட்டியால் கத்தியால் வெட்டியதுபோல நறுக்க முடியாது, அது சரிந்து சரிந்துதான் இறங்கும். சரிவுக்கு விட்ட இடம் அது. ஏறக்குறைய கால்வாசிப் பட்டை, வடிகட்டியின் குறைக்காகச் செலவாகிறது.

அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றில் இதைக் காட்ட முடியுமா?

எஃப்எம் ஸ்டீரியோவைக் காட்டலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது.

ஸ்டீரியோ வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான மோனோ ரேடியோக்கள் வீடுகளில் இருந்தன. அவை எதையும் கெடுக்காமல் இடது, வலது என இரண்டு ஒலிகளை ஒரே நிலையத்தின் வழியாக அனுப்ப வேண்டும். இடதையும் வலதையும் தனித்தனியே அனுப்பியிருந்தால் பழைய ரேடியோ பாதிப் பாட்டைத்தான் பாடியிருக்கும். எனவே இரண்டின் கூட்டலை 15 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, வழக்கமான இடத்தில் வைத்தார்கள். பழைய ரேடியோ அதை மட்டும் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தது. இரண்டின் வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸை நடுவாக வைத்து 23 முதல் 53 வரை ஏற்றினார்கள். புதிய ரேடியோ கூட்டலோடு வித்தியாசத்தைக் கூட்டினால் இடது கிடைக்கும், கழித்தால் வலது கிடைக்கும்.

வித்தியாசத்தைக் கீழே இறக்க, ரேடியோவுக்கு அதே 38 கிலோஹெர்ட்ஸ் துல்லியமாக வேண்டும். அதை முழு வலுவில் அனுப்பினால் ஒலிக்கு உரிய இடத்தைத் தின்றுவிடும். அதனால் அதன் பாதியான 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய வழிகாட்டித் தொனியை மட்டும் அனுப்புகிறார்கள். 15-க்கும் 23-க்கும் நடுவே காலியாகக் கிடந்த இடம் அதற்குச் சரியாகப் பொருந்தியது. ரேடியோ அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1961-ல் இந்த முறை ஏற்கப்பட்டது. பின்னாளில் நிலையத்தின் பெயரைத் திரையில் காட்டும் ஆர்டிஎஸ் தகவலை 57-ல், அதாவது 19-ன் மும்மடங்கில் வைத்தார்கள்.

சிக்னல் பலவீனமாகும்போது ஸ்டீரியோவில்தான் முதலில் இரைச்சல் ஏறும், கவனித்திருப்பீர்கள். எஃப்எம்மில் மேலே போகப் போக இரைச்சல் கூடும், வித்தியாசச் சிக்னல் இருப்பதோ மேலே. அதனால் பல கார் ரேடியோக்கள் சத்தமில்லாமல் மோனோவுக்கு இறங்கிவிடுகின்றன.

நேரத்தைப் பகிர்ந்தால் பேச்சு துண்டு துண்டாகக் கேட்காதா?

கேட்காது, ஏனென்றால் கம்பிக்கு வருவது பேச்சே அல்ல, பேச்சின் மாதிரிகள், அதாவது குறித்த இடைவெளியில் எடுத்த அளவுகள். ஒரு சிக்னலில் உள்ள உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் அளந்து வைத்தால், இடையில் விட்டுப்போனதை முழுமையாக மீட்டுவிடலாம். பேச்சு 3400 ஹெர்ட்ஸில் முடிந்துவிடுவதால் நொடிக்கு 8000 முறை அளந்தால் போதும். அதாவது 125 மைக்ரோநொடிக்கு ஒரு முறை. ஓர் அளவுக்கு 8 பிட். அதை அனுப்ப ஆகும் நேரம் மிகச் சிறியது, மீதி நேரம் முழுவதும் கம்பி சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில் மற்றவர்களின் மாதிரிகளை அனுப்புகிறோம்.

ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் புழங்கும் ஈ1 தடத்தில் 125 மைக்ரோநொடியை 32 பங்காக்குகிறார்கள். ஒரு பங்குக்கு 3.9 மைக்ரோநொடி. 32 பங்கு, பங்குக்கு 8 பிட், நொடிக்கு 8000 முறை: பெருக்கினால் நொடிக்கு 20,48,000 பிட். இதில் 30 பங்குகளில்தான் பேச்சு. ஒரு பங்கு, யார் யாரை அழைக்கிறார் போன்ற சமிக்ஞைகளுக்கு. இன்னொரு பங்கு, சட்டம் (ஒரு சுற்றின் எல்லாப் பங்குகளும் சேர்ந்த தொகுப்பு) எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு. அமெரிக்காவின் டி1, 1962-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் 24 பேச்சுகள், சட்டத்துக்கு 193 பிட், நொடிக்கு 15,44,000 பிட். அந்த 193-ல் ஒற்றைப்படையாகத் துருத்தி நிற்கும் ஒரு பிட்தான் சட்டத்தின் தொடக்கத்தைக் காட்டுவது.

அந்தத் தொடக்கத்தைத் தவறவிட்டால்?

எல்லாம் தப்பான ஆளுக்குப் போகும். ஒரு பிட் நழுவினாலும் 30 பேச்சும் ஒரே நேரத்தில் குப்பையாகிவிடும். அதனால் ஏற்புக் கருவி தெரிந்த ஒரு வடிவத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். அது சரியான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால்தான் நம்பும். பேச்சுக்குள்ளும் அதே வடிவம் தற்செயலாக வரக்கூடும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வராது.

ஸ்பீக்கர் அருகே பழைய செல்போன் இருந்தால் 'டிட்-டிட்-டிட்' என்று கரகரப்பது ஏன்?

நேரப் பகிர்வைத்தான் காதால் கேட்கிறீர்கள். ஜிஎஸ்எம் என்ற 2ஜி செல்போன் முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டையை எட்டுப் போன்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சுற்றுக்கு 4.615 மில்லிநொடி, அதில் உங்கள் போனின் முறை 0.577 மில்லிநொடி மட்டும். அந்த நேரத்தில் மட்டும் பெருவலுவோடு ஒலிபரப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இது நொடிக்குச் சுமார் 217 முறை நடக்கிறது. ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபையர் ரேடியோ அலையின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்வதால், காதுக்கு எட்டும் 217 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எழுகிறது. 3ஜி-யில் போன் தொடர்ந்து ஒலிபரப்புவதால் இந்தக் கரகரப்பு போய்விட்டது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கோபுரத்திலிருந்து தள்ளி இருக்கும் போனின் துடிப்பு தாமதமாக வந்து அடுத்தவரின் முறைக்குள் நுழைந்துவிடும். அதனால் தூரத்தைப் பொறுத்து, எவ்வளவு முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று கோபுரம் ஒவ்வொரு போனுக்கும் சொல்கிறது. இதை 550 மீட்டர் அளவில் 63 படிகள் வரை சொல்ல முடியும். சாதாரண ஜிஎஸ்எம் கோபுரத்தின் எல்லை சுமார் 35 கிலோமீட்டராக இருப்பதற்கு இதுதான் காரணம், சிக்னலின் வலு அல்ல.

ஒருவர் பேசாதபோது அவருடைய பங்கு வீணாகிறதே?

வீணாகத்தான் செய்கிறது. உரையாடலில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார், அதனால் ஒவ்வொரு திசையும் பாதிக்கும் மேற்பட்ட நேரம் மௌனம்தான். 1956-ல் திறக்கப்பட்ட முதல் அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கேபிளில் தொடக்கத்தில் 36 சேனல்களே இருந்தன. ஒவ்வொன்றும் தங்கம். அதில் 1960 வாக்கில் டாசி என்ற கருவியைப் பொருத்தினார்கள். யார் வாய் திறக்கிறாரோ அவருக்கு அந்தக் கணத்தில் காலியாக உள்ள சேனலைக் கொடுத்து, அவர் நிறுத்தியதும் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தது அது. சேனல்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பேர் பேச முடிந்தது.

இணையம் முழுவதும் இந்த யோசனையின் பெரிய வடிவம். யாருக்கும் நிலையான பங்கு கிடையாது. பாக்கெட், அதாவது தரவின் சிறு பொட்டலம், வந்தால் போகும். நேரத்தை வைத்து அடையாளம் காண முடியாது என்பதால் ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரியைச் சுமக்க வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் அனுப்பினால் ரவுட்டரில் வரிசை நீளும், வரிசைக்கான நினைவகம் நிரம்பினால் பாக்கெட் தூக்கி எறியப்படும். மாலையில் வேகம் குறைவது பெரும்பாலும் இதனால்தான். நிறுவனங்கள் தடத்தின் கொள்ளளவை விட அதிகமாக விற்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். அது மோசடி அல்ல, எவ்வளவு அதிகமாக விற்கிறார்கள் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

குறியீட்டால் பிரிப்பது என்றால் என்ன? ஒரே நேரம், ஒரே அதிர்வெண் என்றால் எப்படிப் பிரியும்?

சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு பேருக்கு இரண்டு குறியீடுகள்:

முதலாமவர்: +1, +1, −1, −1
இரண்டாமவர்: +1, −1, +1, −1

1 என்ற பிட்டை அனுப்பத் தன் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும். 0 என்றால் குறிகளை மாற்றி அனுப்ப வேண்டும். முதலாமவர் 1 அனுப்புகிறார், இரண்டாமவர் 0 அனுப்புகிறார். காற்றில் இரண்டும் கூடி 0, +2, −2, 0 என்றாகிறது. முதலாமவரின் குறியீட்டால் இதை இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 + 2 + 2 + 0 = 4. நேர்க்குறி, எனவே பிட் 1. இரண்டாமவரின் குறியீட்டால் செய்தால் 0 − 2 − 2 + 0 = −4. எதிர்க்குறி, எனவே பிட் 0. யாருக்கும் கொடுக்காத +1, −1, −1, +1 என்ற குறியீட்டால் செய்து பாருங்கள்: 0 − 2 + 2 + 0 = 0. அங்கே யாரும் பேசவில்லை என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

ஐஎஸ்-95 என்ற சிடிஎம்ஏ செல்போன் முறையில் இப்படி 64 உறுப்புகள் கொண்ட 64 குறியீடுகள் இருந்தன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினாலும் உங்கள் போன் குழம்பாதது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால்தான். அந்தக் குறியீடுகளின் நீளம் 1023.

இதில் உள்ள தலைவலி, அருகில் இருப்பவரின் உரத்த குரல். போன்களிலிருந்து கோபுரத்துக்கு வரும் சிக்னல்கள் மேலே போட்ட கணக்கு மாதிரி சரியாக ஒத்திசைந்து வருவதில்லை. மிச்சம் கொஞ்சம் கசியும். கோபுரத்தடியில் நிற்பவரின் கசிவே தொலைவில் இருப்பவரின் சிக்னலை மூழ்கடித்துவிடும். அதனால் ஐஎஸ்-95 கோபுரம் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 800 முறை "வலுவைக் கூட்டு", "குறை" என்று உத்தரவிட்டுக்கொண்டே இருந்தது.

ஒளியிழையில் எப்படி?

அடிப்படை அதிர்வெண் பகிர்வுதான். ஒளியில் அதை அலைநீளம் என்ற பெயரில் பேசுகிறோம். 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான சி-பட்டையில் 100 கிகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 0.8 நானோமீட்டர் இடைவெளியில் லேசர்களை அடுக்குகிறார்கள். 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியும் வழக்கம், அப்போது எண்பதுக்கும் மேற்பட்ட நிறங்கள் அடங்கும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் அகச்சிவப்பு.

இந்த முறை பரவக் காரணம் லேசர் அல்ல, எர்பியம் ஆம்ப்ளிஃபையர். அதற்கு முன் வழியில் மங்கிப்போன ஒளியை மின்சாரமாக மாற்றி, சீர்செய்து, மறுபடி ஒளியாக்க வேண்டியிருந்தது. நாற்பது நிறம் என்றால் ஒவ்வொரு நிலையத்திலும் நாற்பது கருவி. 1980-களின் பிற்பகுதியில் வந்த எர்பியம் கலந்த இழை, எல்லா நிறத்தையும் ஒளியாகவே ஒரே வீச்சில் வலுப்படுத்தியது. செலவுக் கணக்கே தலைகீழானது.

ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒளித்துடிப்பு பரவி மங்காமல் இருக்க, 1550 நானோமீட்டரில் பரவலே இல்லாத இழையை முன்பு அரும்பாடுபட்டுச் செய்திருந்தார்கள். பல நிறங்களை விட்டபோது அதுவே வினையானது. எல்லா நிறமும் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் சேர்ந்து ஓடியதால் ஒன்றோடொன்று வினைபுரிந்து, இல்லாத நிறங்களைப் பிறப்பித்தன. முதல் கேள்வியில் பார்த்த பெருக்கல் கோளாறு இதேதான். கடைசியில் வேண்டுமென்றே கொஞ்சம் பரவல் உள்ள புதிய இழையைச் செய்தார்கள்.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பைப் பக்கத்து வீட்டோடு பகிர்கிறேனா? என் டேட்டா அங்கேயும் போகுமா?

ஜிபான், அதாவது ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறையிலான இணைப்பு என்றால், ஆம், போகும். ஓர் இழை தெருவோரம் மின்சாரம் தேவைப்படாத ஒளிப்பிரிப்பானில் 32 அல்லது 64 கிளையாகிறது. 1490 நானோமீட்டரில் கீழே வரும் ஒளி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். உங்கள் பெட்டி தனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அதனால்தான் கீழ்வரும் தரவைப் பூட்டி அனுப்ப இந்த முறையிலேயே குறியாக்கம் இருக்கிறது. மேலே போகும் 1310 நானோமீட்டரில் வீடுகள் முறை வைத்து அனுப்புகின்றன. ஆக ஒரே இழையில் திசைக்கு அலைநீளப் பகிர்வு, வீடுகளுக்கு நேரப் பகிர்வு.

ஓஎஃப்டிஎம் என்று வைஃபையிலும் 4ஜி-யிலும் சொல்கிறார்களே?

அதிர்வெண் பகிர்வில் இடைவெளி விட்டு வீணாக்கினோம் அல்லவா, அந்த வீணைத் தவிர்க்கும் வழி. தரவைப் பங்கிட்டுச் சுமக்கும் துணைச் சுமப்பலைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருக்கும், ஆனாலும் தொந்தரவு செய்யாது. 4ஜி எல்டிஇ-யில் அவற்றுக்கிடையே 15 கிலோஹெர்ட்ஸ். ஒரு முறை அனுப்பும் தரவுத் துண்டின் நேரம் 66.7 மைக்ரோநொடி, அதாவது 15,000-ல் ஒரு பங்கு நொடி. இந்த எண் தற்செயல் அல்ல. அந்த நேரத்துக்குள் ஒவ்வோர் அலையும் அடுத்த அலையைவிடச் சரியாக ஒரு சுற்று அதிகம் சுற்றும். பெருக்கிக் கூட்டினால் மேலே குறியீட்டில் வந்த அதே பூஜ்யம் இங்கும் வரும்.

இதை 1966-ல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் முன்வைத்தார். அலைக்கு ஒன்றாக, அலையை உண்டாக்கும் ஆயிரம் ஆஸிலேட்டர்களை வைத்து யார் செய்வது? 1971-ல் வைன்ஸ்டீனும் ஈபர்ட்டும் அதை, சிக்னலுக்கும் அதன் அதிர்வெண்களுக்கும் இடையே மாற்றும் ஃபூரியே உருமாற்றக் கணக்காகவே செய்துவிடலாம் என்று காட்டினார்கள். அந்தக் கணக்கை மலிவான சிப் ஒன்று செய்யும் காலம் வரும் வரை யோசனை காத்திருந்தது.

மல்ட்டிபிளெக்சிங் செய்தால் தடத்தின் மொத்தக் கொள்ளளவு கூடுமா?

கூடாது. 1948-ல் கிளாட் ஷானன் காட்டிய எல்லைப்படி 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் சிக்னல் இரைச்சலைவிட 1000 மடங்கு வலுவாக இருந்தால் உச்சம் நொடிக்குச் சுமார் 200 மெகாபிட். அதே வலு விகிதத்தில் அதைப் பத்தாக நறுக்கினால் தலைக்கு 20. நறுக்கும் கூலி வேறு கழியும்: காப்பு இடைவெளி, ஒத்திசைவு பிட்கள், முகவரிகள். புதிய முறை வந்ததும் கொள்ளளவு பெருகியதாக விளம்பரம் செய்வார்கள். உண்மையில் முன்பு வீணானது இப்போது குறைந்திருக்கும், அவ்வளவே.

விதிவிலக்குப் போலத் தெரிவது பல ஆண்டெனா முறை. 1996-ல் பெல் ஆய்வகத்தின் ஜெரார்டு ஃபோஷினி, சுவர்களில் பட்டுத் தெறித்துப் பல வழியாக வரும் அலைகளைத் தொல்லையாகப் பார்க்காமல் தனித்தனிப் பாதைகளாகவே பயன்படுத்தலாம் என்று காட்டினார். நான்கு ஆண்டெனாவுக்கு நான்கு ஆண்டெனா, ஒரே பட்டையில் நான்கு ஓட்டம் வரை. ஷானன் தோற்கவில்லை. அங்கே உண்மையிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்திருக்கின்றன.

இவற்றில் எது சிறந்தது?

கேள்வி தேர்வுத்தாளில் மட்டும்தான் வரும். நடைமுறையில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். போனில் வீடியோ அழைப்பு என்றால், பாக்கெட்டுகள் ஓஎஃப்டிஎம் அலைகளில் நேரத் துண்டுகளாகக் கோபுரத்துக்குப் போகின்றன. அங்கிருந்து ரவுட்டரில் மற்றவர்களின் பாக்கெட்டுகளோடு வரிசையில் நிற்கின்றன. பிறகு நெடுந்தொலைவு இழையில் ஏதோ ஒரு நிறத்தில் ஏறிவிடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி?

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறிய யுஎஸ்பி ரேடியோ ஒன்றும் குனு ரேடியோ மென்பொருளும் போதும். உள்ளூர் எஃப்எம் நிலையம் ஒன்றைப் பிடித்து, டிமாடுலேட் செய்த, அதாவது ரேடியோ அலையிலிருந்து பிரித்தெடுத்த சிக்னலை ஸ்பீக்கருக்கு விடாமல் அதன் நிறமாலையை 60 கிலோஹெர்ட்ஸ் வரை திரையில் விரியுங்கள். 15 வரை ஒரு மேடு, 19-ல் ஊசிபோல ஒரு கோடு, 38-க்கு இருபுறமும் சமச்சீராக இன்னொரு மேடு, நிலையம் பெயர் அனுப்பினால் 57-ல் சின்னதாக ஒன்று. அறிவிப்பாளர் தனியாகப் பேசும்போது 38-ஐச் சுற்றி ஏறக்குறைய எதுவும் இருக்காது, ஏனென்றால் அவர் குரல் இடது வலது இரண்டிலும் ஒன்றேதான், வித்தியாசம் பூஜ்யம். பாட்டைப் போட்டதும் அந்த இடம் நிரம்பும்.